கொரோனா மறுதொற்று விகிதத்தை எண்ணுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவருக்கு இரண்டாம் முறை கொரோனா வந்திருக்கிறதா என்பது மருத்துவரின் கேள்வி. ஒரு மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு, எந்த வேகத்தில் அது திரும்ப வருகிறது என்பது எண்ணுபவரின் கேள்வி. கீழே உள்ளவை இரண்டாவது கேள்விக்கான பதில்கள். பரிசோதனைப் பதிவுகளைக் கையாளும் கண்காணிப்புக் குழுக்களுக்கும், அந்த எண்களைப் படித்து எழுதுகிறவர்களுக்கும் உதவும்படி எழுதப்பட்டுள்ளன.

மறுதொற்று என்று எதைச் சொல்கிறோம்?

முதல் தொற்று உடலைவிட்டு நீங்கிய பிறகு, வெளியிலிருந்து வந்த இன்னொரு வைரஸ் மீண்டும் தொற்றுவதுதான் மறுதொற்று. பார்வைக்கு இதைப் போலவே இருந்து எண்ணிக்கையைக் கெடுப்பவை மூன்று.

முதலாவது, மிச்சமிருக்கும் ஆர்என்ஏ. செத்துப்போன வைரஸின் துணுக்குகள் வாரக்கணக்கில் மூக்கிலும் தொண்டையிலும் தங்கும். ஆர்டி-பிசிஆர் அவற்றையும் பிடித்துவிடும். 2020 வசந்த காலத்தில் தென்கொரியாவில், குணமானவர்கள் பலர் மீண்டும் பாசிட்டிவ் ஆனபோது உலகமே பதறியது. அப்படிப்பட்ட 285 பேரையும் அவர்களோடு பழகிய 790 பேரையும் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு அமைப்பு ஆராய்ந்தது. மறுபடி பாசிட்டிவ் ஆனவர்களின் மாதிரிகளில் உயிருள்ள வைரஸை வளர்த்தெடுக்க முடியவில்லை. அவர்களிடமிருந்து அந்தக் காலத்தில் வேறு யாருக்கும் பரவியதாகவும் தெரியவில்லை.

இரண்டாவது, மீளெழுச்சி. பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மாத்திரை எடுத்துக்கொண்ட சிலருக்கும், மருந்தே எடுக்காத சிலருக்கும்கூட, குணமான சில நாட்களில் அறிகுறிகளும் பாசிட்டிவ் முடிவும் திரும்புகின்றன. அது அதே வைரஸ்தான். மூன்றாவது, நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் மாதக்கணக்கில் நீடிக்கும் தொற்று. மூன்றில் இதுதான் மோசமான பொறி. இங்கே வைரஸ் உயிரோடு இருக்கும், உடலுக்குள்ளேயே மாறிக்கொண்டும் இருக்கும். முந்தைய பாசிட்டிவுக்கு 90 நாள் கழித்து வரும் பாசிட்டிவை மறுதொற்றாக எண்ணும் 90 நாள் விதி, இவர்களைத் தயங்காமல் மறுதொற்றுப் பட்டியலில் சேர்த்துவிடும்.

90 நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

உயிரியல் அப்படி ஒரு கோடு போடவில்லை. மேல் சுவாசப் பாதையில் ஆர்என்ஏ அதிகபட்சமாக 83 நாள் வரை தென்பட்டதாக ஆரம்பகால ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று காட்டியது. சராசரி 17 நாள்தான். அந்த நீண்ட வாலை வெட்டிவிட, மூன்று மாதம் என்ற வசதியான எல்லை உதவியது. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவை 90 நாளை எடுத்துக்கொண்டன. ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையம் 60 நாள் என்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 102 நாள் இடைவெளியோடு நடுவில் ஒரு நெகட்டிவ் முடிவும் வேண்டும் என்றது.

ஆகவே இரண்டு நாடுகளின் மறுதொற்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் முன் விதியைப் பாருங்கள். நடுவில் நெகட்டிவ் தேவை என்ற நிபந்தனை சிறியதாகத் தெரியும். ஆனால் குணமான பிறகு யாரும் பரிசோதிக்கப் போகாத இடத்தில் அது மறுதொற்றுகளில் பெரும்பங்கைத் துடைத்தெடுத்துவிடும்.

அந்த விதி எதைத் தவறவிடுகிறது?

அடுத்தடுத்து வரும் திரிபுகளைத் தவறவிடுகிறது. டென்மார்க் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2021 நவம்பர் கடைசியிலிருந்து 2022 பிப்ரவரி நடுவரை அங்கே தொற்றியவர்களில், 20 முதல் 60 நாள் இடைவெளியில் இரண்டு முறை பாசிட்டிவ் ஆனவர்களின் மாதிரிகளில் இருந்த வைரஸின் மரபணுவை வரிசைப்படுத்தி, அதாவது எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள். 187 உறுதியான மறுதொற்றுகள் கிடைத்தன. அவற்றில் 47 பேருக்கு முதலில் ஒமைக்ரானின் பிஏ.1 என்ற துணைத்திரிபு, பிறகு பிஏ.2. பெரும்பாலும் தடுப்பூசி போடாத இளையவர்கள். 90 நாள் விதியில் இவர்களில் ஒருவர்கூட எண்ணப்பட்டிருக்க மாட்டார்.

ஆனால் அதே காலத்தில் அந்நாட்டில் தொற்றியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். இவ்வளவு பரிசோதனையும் வரிசைப்படுத்தலும் நடந்த இடத்தில் 187தான் கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். குறுகிய இடைவெளி மறுதொற்று உண்டு, அரிது. அதற்காக விதியை 30 நாளாக்கினால், உள்ளே வருவதில் பெரும்பகுதி குப்பையாகத்தான் இருக்கும். 90 நாளை முதன்மை விதியாக வைத்துக்கொண்டு, 60 நாளில் எண்ணினால் என்ன வருகிறது என்பதைத் துணை அட்டவணையாக வெளியிடுவதே எங்கள் பரிந்துரை. இரண்டு விதிகளிலும் போக்கு ஒரே திசையில் போனால் விதியைப் பற்றிய சண்டைக்கு வேலையில்லை.

நாட்களை எதிலிருந்து எண்ணுவது, முதல் பாசிட்டிவிலிருந்தா கடைசி பாசிட்டிவிலிருந்தா?

இரண்டையும் பயன்படுத்துகிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதி வையுங்கள். முதல் பாசிட்டிவிலிருந்து எண்ணினால், 0, 40, 95ஆம் நாட்களில் பாசிட்டிவ் ஆன ஒருவர் மறுதொற்றாளர். கடைசி பாசிட்டிவிலிருந்து எண்ணினால் இடைவெளி 55 நாள்தான், அவர் மறுதொற்றாளர் அல்ல. அடிக்கடி பரிசோதிக்கப்படும் மருத்துவமனைப் பணியாளர்களிடமும் முதியோர் இல்லங்களிலும் இந்த வேறுபாடு பெரிதாகும்.

எதைத் தேர்ந்தாலும் மாதிரி எடுத்த தேதியையே பயன்படுத்துங்கள். முடிவு வெளியான தேதி ஆகாது. ஆய்வகங்கள் பழைய முடிவுகளை மொத்தமாகப் பதிவேற்றும் நாட்களில், மூன்று மாதம் முந்தைய மாதிரிகள் இன்றைய தேதியில் வந்து விழும். அவை அத்தனையும் புத்தம்புது மறுதொற்றுகளாக வேடம் போடும்.

மரபணு வரிசைப்படுத்தாமல் மறுதொற்றை உறுதிசெய்ய முடியுமா?

தனி நபரைப் பொறுத்தவரை முடியாது. முதன்முதலில் உறுதியான மறுதொற்று 2020 ஆகஸ்டில் ஹாங்காங்கில் அறிவிக்கப்பட்டது. முதல் தொற்றுக்கு 142 நாள் கழித்து, வெளிநாட்டிலிருந்து திரும்பிய 33 வயதுக்காரர் ஒருவர் விமான நிலையப் பரிசோதனையில் சிக்கினார், அறிகுறி ஏதுமில்லை. இரண்டு மாதிரிகளின் மரபணுத் தொடரும் வெவ்வேறு கிளையைச் சேர்ந்தவை என்பதுதான் ஆதாரம்.

வேறு வேறு கிளை என்றால் சந்தேகமில்லை. ஒரே கிளை என்றால் கணக்குப் போட வேண்டும். சுமார் 29,900 எழுத்துகள் கொண்ட இந்த மரபணுத்தொடரில் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு எழுத்துகள் மாறுகின்றன. மூன்று மாத இடைவெளியில் நான்கைந்து வேறுபாடுகள் மட்டுமே இருந்தால், அது உடலுக்குள்ளேயே நீடித்த வைரஸாகவும் இருக்கலாம். மாதத்துக்கு இரண்டுக்கு மேல் வேறுபாடு என்பதைத்தான் சிடிசி ஓரளவு வலுவான சான்றாக எடுத்துக்கொண்டது.

நடைமுறையில் முட்டுக்கட்டை வேறு. முதல் மாதிரி பெரும்பாலும் குப்பைக்குப் போயிருக்கும். அது இல்லாதபோது கைகொடுப்பது காலம்: டெல்டா தோன்றுவதற்கு முன் முதல் தொற்று, இப்போது டெல்டா என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. சில பிசிஆர் கருவித்தொகுப்புகளில் எஸ் மரபணு (வைரஸின் மேற்புற ஸ்பைக் புரதத்துக்கானது) மட்டும் பிடிபடாமல் போவதும் மலிவான அடையாளம். ஆல்ஃபா, பிஏ.1, பிஏ.4, பிஏ.5 ஆகியவற்றில் அது பிடிபடாது, டெல்டாவிலும் பிஏ.2-விலும் பிடிபடும்.

மக்கள்தொகை அளவில் எல்லாரையும் உறுதிசெய்யத் தேவையில்லை. ‘சாத்தியமான’, ‘உறுதியான’ என்று இரண்டு அடுக்காகப் பிரித்து, முதலாவதை எண்ணிக்கைக்கும் இரண்டாவதைச் சரிபார்ப்புக்கும் வைத்துக்கொண்டால் போதும்.

பரிசோதனைப் பதிவேட்டிலிருந்து மறுதொற்றுகளை எடுக்கும் படிகள் என்ன?

1. எல்லா முடிவுகளையும் ஒரே அட்டவணையில் கொண்டுவாருங்கள்: நபர் அடையாளம், மாதிரி தேதி, பரிசோதனை வகை, முடிவு, ஆய்வகம், இருந்தால் சிடி மதிப்பு (எத்தனையாவது பிசிஆர் சுழற்சியில் வைரஸ் பிடிபட்டது என்ற எண்; அது குறைவென்றால் வைரஸ் அதிகம்). நெகட்டிவ் முடிவுகளைத் தூக்கியெறியாதீர்கள், பின்னால் தேவைப்படும்.
2. ஒரே நபர், ஒரே நாள், ஒரே முடிவு என்றால் ஒரு வரியாகச் சுருக்குங்கள்.
3. நபர் வாரியாக, தேதி வரிசையில் அடுக்குங்கள்.
4. முதல் பாசிட்டிவ் வரிக்குத் தொற்று எண் 1 கொடுங்கள். அடுத்த பாசிட்டிவ், நீங்கள் தேர்ந்த இடைவெளிக்குள் வந்தால் அதே எண். தாண்டி வந்தால் அடுத்த எண். கடைசி வரிவரை இதைத் தொடருங்கள்.
5. தொற்று எண் 2 அல்லது அதற்கு மேல் தொடங்கும் வரிகள்தான் உங்கள் மறுதொற்றுகள்.
6. எந்த இடைவெளி விதியும் வைக்காமல், அடுத்தடுத்த பாசிட்டிவ்களுக்கு இடையிலான நாட்களை ஒரு வரைபடமாகப் போடுங்கள்.

ஆறாவது படியைத் தாண்டிப்போகிறவர்கள்தான் அதிகம். ஆரோக்கியமான தரவில், முதல் சில வாரங்களில் உயரமான குவியல் இருக்கும். அது மளமளவென்று சரிந்து பள்ளமாகி, பிறகு அலைகளுக்கு இடையிலான இடைவெளியில் மீண்டும் ஒரு மேடு எழும்பும். பள்ளமே இல்லாமல் தட்டையாக ஓடினால், பெரும்பாலும் வெவ்வேறு ஆட்களின் பதிவுகள் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. சரியாக 90ஆம் நாளையொட்டிச் செங்குத்தாக ஏறினால், அது வைரஸின் வேலை இல்லை. குணமானவர்களுக்கு மூன்று மாதம் பரிசோதனை விலக்கு என்ற விதி முடிந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் பரிசோதிக்கப்படுவதன் சுவடு.

இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த வேலையின் பாதி உழைப்பு இங்கேதான் போகும். நாடு முழுவதும் ஒரே சுகாதார எண் உள்ள டென்மார்க் போன்ற இடங்களில் இது ஒரு வரி வேலை. மற்ற இடங்களில் பெயர், பிறந்த தேதி, பாலினம், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றைக் கொண்டு பொருத்த வேண்டும்.

தவறு இரண்டு திசைகளில் நடக்கும். ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக எழுத்துக்கூட்டப்பட்டால் அவர் இரண்டு பேராகிவிடுவார், அவருடைய மறுதொற்று காணாமல் போகும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே தொலைபேசி எண் கொடுக்கப்பட்டிருந்து, அதை மட்டும் வைத்துப் பொருத்தினால், தந்தையின் தொற்றும் மகளின் தொற்றும் சேர்ந்து ஒரு பொய்யான மறுதொற்றாகும். உண்மையான மறுதொற்று அரிதாக இருக்கும் காலத்தில் இரண்டாவது தவறுதான் அதிகம் கெடுக்கும்.

பிறந்த தேதி ஜனவரி 1 என்றிருக்கும் பதிவுகளைத் தனியே பாருங்கள். தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அதையே நிரப்பும் பழக்கம் எங்கும் உண்டு. பெயரும், அதோடு பிறந்த தேதி அல்லது தொலைபேசி எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தி முடித்ததும் குலுக்கலில் 200 இணைகளை எடுத்து, இருவர் தனித்தனியே கண்ணால் சரிபார்க்கட்டும். அவற்றில் 10 தவறு என்றால் உங்கள் மறுதொற்று எண்ணிக்கையில் ஏறத்தாழ 5 சதவீதம் பொய் என்று அர்த்தம்.

எதால் வகுக்க வேண்டும்?

மறுதொற்று ஆகக்கூடிய நிலையில் இருந்தவர்களால். மொத்த மக்கள்தொகையால் வகுக்கக் கூடாது, அன்றைய மொத்தத் தொற்றாளர்களாலும் கூடாது. ஒருவர் கீழ் எண்ணில் (வகுக்கும் எண்ணில்) சேர, அவருக்கு முன்பே ஒரு தொற்று பதிவாகியிருக்க வேண்டும், அதன்பின் 90 நாள் கடந்திருக்க வேண்டும், உயிரோடும் அதே ஊரிலும் இருக்க வேண்டும்.

இவர்கள் ஒரே நாளில் சேர்வதில்லை. அதனால் ஆட்களை எண்ணுவதைவிட நபர்-நாட்களை, அதாவது ஒவ்வொருவரும் கணக்கில் இருந்த நாட்களின் கூட்டுத்தொகையை எண்ணுவதே சரி. ஜனவரி 10 அன்று பாசிட்டிவ் ஆனவர் (லீப் ஆண்டல்லாத ஆண்டில்) ஏப்ரல் 10 அன்று கணக்குக்குள் வருகிறார். கண்காணிப்பு ஜூன் 30 இல் முடிகிறது, அதுவரை எதுவும் ஆகவில்லை என்றால் அவருடைய பங்கு 82 நாள். மே 20 அன்று மறுபடி பாசிட்டிவ் ஆனால் மேலே ஒன்று, கீழே 40 நாள். பிறகு அவர் ஆகஸ்ட் 18 வரை கணக்குக்கு வெளியே. அன்றிலிருந்து மூன்றாம் தொற்றுக்கான வரிசையில் நிற்கிறார்.

அந்த முதல் 90 நாட்களையும் கீழ் எண்ணில் சேர்த்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. விதிப்படி மறுதொற்றே நடக்க முடியாத நாட்கள் அவை. சேர்த்தால் விகிதம் செயற்கையாகத் தாழும், அதுவும் பெரிய அலை முடிந்த கையோடு மிக அதிகமாகத் தாழும்.

இங்கிலாந்து சுகாதாரப் பணியாளர்களிடம் நடந்த ‘சைரன்’ ஆய்வு இந்த முறைக்கு நல்ல மாதிரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் பிசிஆர். 2021 ஜனவரி 11 வரையான தரவில், முன்பு தொற்றியிருந்தவர்களிடம் 1,00,000 நபர்-நாட்களுக்கு 7.6 மறுதொற்று; தொற்றாதவர்களிடம் 57.3 முதல்தொற்று. நேரடியாக வகுத்தால் பாதுகாப்பு 87 சதவீதம் போலத் தெரியும். வயது, இடம், காலம் முதலியவற்றைச் சரிக்கட்டியபின் கிடைத்தது 84 சதவீதம்.

“புதிய தொற்றுகளில் கால்வாசி மறுதொற்று” என்ற செய்தி, ஆபத்து கூடிவிட்டதைக் காட்டுகிறதா?

அவசியமில்லை. பத்து லட்சம் பேர் கொண்ட ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு தொற்றியவர்களுக்கு மாத ஆபத்து 0.2 சதவீதம், தொற்றாதவர்களுக்கு 1 சதவீதம், இரண்டும் மாறவே இல்லை என்று வைப்போம்.

முன்பு தொற்றியவர்கள் 1 லட்சம் பேராக இருக்கும் மாதத்தில் மறுதொற்று 200, முதல்தொற்று 9,000. மறுதொற்றின் பங்கு 2.2 சதவீதம். அவர்கள் 6 லட்சமாகிவிட்ட பின்னொரு மாதத்தில் மறுதொற்று 1,200, முதல்தொற்று 4,000. பங்கு 23 சதவீதம். பத்து மடங்கு ஏறியிருக்கிறது. ஆனால் எவருடைய ஆபத்தும் இம்மிகூட மாறவில்லை. ஏற்கெனவே தொற்றியவர்கள் பெருகப் பெருக, இந்தப் பங்கு தானாக ஏறும். ஏறாமல் இருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

பங்கை வெளியிட வேண்டாம் என்று சொல்லவில்லை. மருத்துவமனைத் திட்டமிடலுக்கு அது உதவும். விகிதம் என்று மட்டும் அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

முதல் தொற்றே பதிவாகாதவர்களை என்ன செய்வது?

எல்லாத் தரவிலும் இருக்கும் ஓட்டை இதுதான். ஐந்து தொற்றில் ஒன்றுதான் பதிவாகிறது என்றால், உண்மையான இரண்டாம் தொற்றுகளில் இருபத்தைந்தில் ஒன்றுதான் மறுதொற்று என்று உங்கள் பட்டியலுக்கு வரும். முதலாவதும் பிடிபட வேண்டும், இரண்டாவதும் பிடிபட வேண்டும். மற்றவை முதல்தொற்றாக எண்ணப்படும் அல்லது எண்ணப்படாமலே போகும்.

பாதுகாப்பைக் கணக்கிடும்போதும் இது இழுக்கும். 1,00,000 பேரில் 40,000 பேர் உண்மையில் தொற்றியவர்கள். 10,000 பேர் மட்டும் பதிவில் இருக்கிறார்கள். தொற்றாதவருக்கு ஆபத்து 10 சதவீதம், தொற்றியவருக்கு 2 சதவீதம், அதாவது உண்மைப் பாதுகாப்பு 80 சதவீதம். பதிவில் உள்ளவர்களிடம் 200 பேருக்குத் தொற்றும், 2 சதவீதம். ‘தொற்றாதவர்’ என்று நாம் நினைக்கும் 90,000 பேரில் 30,000 பேர் மறைந்திருக்கும் பழைய தொற்றாளர்கள். இந்தக் கூட்டத்தில் தொற்றுவது 6,600 பேருக்கு, 7.3 சதவீதம். கணக்கில் தெரியும் பாதுகாப்பு 73 சதவீதம்தான். வைரஸ் நோயெதிர்ப்பை மீறத் தொடங்கிவிட்டது என்று யாராவது சொல்லும்போது, மறைந்த தொற்றுகள் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்று முதலில் கேளுங்கள்.

பொய்ப் பாசிட்டிவ் ஒரு பிரச்சினையா?

தொற்று குறைவாக இருக்கும் காலத்தில், ஆம். முன்பு தொற்றியவர்களிடம் ஒரு மாதத்தில் 50,000 பரிசோதனை, ஆயிரத்தில் ஒன்று பொய்ப் பாசிட்டிவ் என்றால் 50 பொய்கள் கிடைக்கும். உண்மையான தொற்று 0.2 சதவீதம் என்றால் உண்மைகள் 100. உங்கள் மறுதொற்றுகளில் மூன்றில் ஒன்று பொய். அலை உச்சத்தில் உண்மைகள் 2,500 ஆகும்போது அந்த 50ஐப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

எளிய தற்காப்பு: இரண்டு நாளுக்குள் மறுபரிசோதனை, குறைந்தது இரண்டு மரபணு இலக்குகள் பிடிபட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை, சிடி மதிப்பு 33க்குக் கீழ் என்ற எல்லை. கடைசியானது சிடிசி தன் விசாரணை விதிமுறையில் வைத்தது. ஆனால் சிடி மதிப்பு கருவிக்குக் கருவி மாறும். 3.3 சுழற்சி வேறுபாடு என்றால் வைரஸ் அளவில் பத்து மடங்கு. இரண்டு ஆய்வகங்களின் 33ஐ ஒன்றென்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஒருமுறை தொற்றியவர்கள் மறுபடி பரிசோதிக்கவே வராவிட்டால்?

வராததையும் ‘தொற்றவில்லை’ என்றே பதிவேடு காட்டும். “எனக்குத்தான் வந்து போய்விட்டதே” என்று இருமலோடு வீட்டிலேயே இருப்பவர்கள் பாதுகாப்பை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவார்கள்.

இதைச் சமாளிக்கப் பரிசோதனைக்கு வந்தவர்களை மட்டும் ஒப்பிடும் முறை ஒன்று உண்டு. அறிகுறியோடு வந்தவர்களில் பாசிட்டிவ் 1,000 பேர். அவர்களில் முன்பு தொற்றியவர்கள் 60. நெகட்டிவ் 1,000 பேர். அவர்களில் முன்பு தொற்றியவர்கள் 300. (60÷940) ஐ (300÷700) ஆல் வகுத்தால் 0.15, பாதுகாப்பு சுமார் 85 சதவீதம். முதல் படியில் நெகட்டிவ் முடிவுகளைத் தூக்கியெறியாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். கத்தார் ஆய்வாளர்கள் இந்த முறையில் கண்டது: முந்தைய தொற்றின் பாதுகாப்பு ஆல்ஃபாவுக்கு எதிராக 90.2, பீட்டாவுக்கு 85.7, டெல்டாவுக்கு 92.0, ஒமைக்ரானுக்கு 56.0 சதவீதம்.

புதிய திரிபு பழைய பாதுகாப்பை மீறுகிறது என்பதைப் பதிவேட்டிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அதற்கு மரபணு ஆய்வகம்கூடத் தேவையில்லை என்பதைத் தென்னாப்பிரிக்கா காட்டியது. அங்குள்ள குழு வழக்கமான பரிசோதனைப் பதிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. 2021 நவம்பர் 27 வரையான தரவில், 90 நாளுக்கு முன்பே ஒரு பாசிட்டிவ் இருந்தவர்கள் சுமார் 28 லட்சம் பேர். அவர்களில் 35,670 சந்தேக மறுதொற்றுகள்.

உத்தி இது: மறுதொற்றின் ஆபத்து, அன்றன்று சுற்றிலும் பரவும் தொற்றின் அளவுக்கு ஏற்ப ஏறி இறங்கும் என்று வைத்துக்கொண்டு, ஆரம்ப காலத் தரவில் அந்த விகிதசமத்தை அளந்தார்கள். பிறகு, அது மாறாமல் இருந்தால் வரும் மாதங்களில் எத்தனை மறுதொற்று வர வேண்டும் என்று ஒரு பட்டை வரைந்தார்கள். பீட்டா அலையும் டெல்டா அலையும் அந்தப் பட்டைக்குள்ளேயே அடங்கின. எண்ணிக்கை ஏறியது உண்மை, ஆனால் எதிர்பார்த்த அளவுக்குத்தான். 2021 நவம்பரில் கோடு பட்டையைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. அதுதான் ஒமைக்ரான். டிசம்பர் தொடக்கத்திலேயே அவர்களால் அதை அறிவிக்க முடிந்தது.

இதிலுள்ள நுட்பம், எண்ணிக்கையைப் பார்க்காமல் எதிர்பார்ப்பிலிருந்து விலகலைப் பார்ப்பது. பரிசோதனைக் கொள்கை நடுவில் மாறினால் விலகல் பொய்யாகவும் தோன்றும். எனவே அத்தகைய மாற்றத் தேதிகளை வரைபடத்திலேயே செங்குத்துக் கோடுகளாகக் குறியுங்கள்.

தடுப்பூசியை எப்படிக் கணக்கில் கொள்வது?

ஒவ்வொருவரின் நபர்-நாட்களையும் கடைசித் தவணையிலிருந்து கடந்த காலத்தைக் கொண்டு துண்டாக்குங்கள். ஒரே ஆள் ஏப்ரலில் ‘ஒரு தவணை’யிலும், ஜூனில் ‘இரண்டு தவணை’யிலும் இருப்பார். ஆண்டு இறுதி நிலையை எல்லா மாதங்களுக்கும் ஒட்டினால், தவணை போடும் நாள்வரை தொற்றாமல் இருந்த காலமும் தடுப்பூசியின் புண்ணியமாகிவிடும்.

ரத்தத்தில் எதிர்பொருள் பார்த்து மறுதொற்றை எண்ண முடியாதா?

பழைய தொற்று இருந்ததா என்பதற்கு உதவும். ஸ்பைக் புரதத்தை மட்டும் பயன்படுத்தும் தடுப்பூசிகள் போட்டவர்களிடம், வைரஸின் உட்புறப் புரதமான நியூக்ளியோகேப்சிட்டுக்கு எதிரான எதிர்பொருள் இருந்தால் அது தொற்றின் அடையாளம். கோவாக்சின், கொரோனாவேக் போன்ற செயலிழக்கச் செய்த முழு வைரஸ் தடுப்பூசி போட்டவர்களிடம் இந்தப் பிரிப்பு வேலை செய்யாது. மேலும் அந்த எதிர்பொருள் காலப்போக்கில் தேய்கிறது. தடுப்பூசிக்குப் பிறகு வரும் லேசான தொற்றில் சிலருக்கு அது உருவாவதே இல்லை. ஒரே ஆளிடம் மாதக்கணக்கில் தொடர்ந்து எடுத்த மாதிரிகளில் அளவு திடீரென்று பல மடங்கு ஏறினால் மறுதொற்று என்று கொள்ளலாம். ஒற்றை மாதிரியிலிருந்து எத்தனை முறை தொற்றியது என்று சொல்ல வழியில்லை.

கழிவுநீர்ப் பரிசோதனை?

ஊரில் எவ்வளவு வைரஸ் சுற்றுகிறது, எந்தத் திரிபு என்பதைச் சொல்லும். யாருக்கு எத்தனையாவது முறை என்பதைச் சொல்லாது.

இரண்டாவது தொற்று முதலாவதைவிடக் கடுமையா?

சராசரியில் கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு நீண்ட காலம் நிற்கிறது. 19 நாடுகளின் 65 ஆய்வுகளைத் தொகுத்து 2023 இல் வெளியான பகுப்பாய்வில், பிஏ.1 மறுதொற்றுக்கு எதிரான பாதுகாப்பு 40 வாரத்தில் 36.1 சதவீதமாகச் சரிந்திருந்தது. அதே திரிபால் வரும் கடுமையான நோய்க்கு எதிராக அது 90 சதவீதத்தையொட்டியே இருந்தது.

ஒப்பீட்டில் வழுக்குமிடம் ஒன்று உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2022 இல் வெளியான ஆய்வு, மறுதொற்று வந்தவர்களை மறுதொற்று வராதவர்களோடு ஒப்பிட்டது. பலர் அதை ‘முதல் தடவையைவிட இரண்டாம் தடவை மோசம்’ என்று எழுதினார்கள். அந்தக் கேள்வியை அந்த ஆய்வு கேட்கவே இல்லை. இன்னொன்று, முதல் தொற்றிலேயே இறந்தவர்கள் இரண்டாம் தொற்றுக் கணக்கில் வர மாட்டார்கள். உயிர் பிழைத்தவர்களை மட்டும் வைத்துப் போடும் ஒப்பீடு தானாகவே இரண்டாம் தொற்றை லேசாகக் காட்டும்.

சின்ன ஊர், சின்ன எண்ணிக்கை. வெளியிடலாமா?

உண்மை அளவு எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் இடையில் இருக்கலாம் என்ற வரம்போடு வெளியிடுங்கள். மாதத்தில் 9 மறுதொற்று என்றால், தற்செயலை மட்டும் கணக்கில் எடுத்தாலும் உண்மையான அளவு 4 முதல் 17 வரை எங்கும் இருக்கலாம். அடுத்த மாதம் 14 ஆனால் ‘56 சதவீத உயர்வு’ என்று தலைப்பு போட்டுவிடுவார்கள். மூன்று மாதத்தைச் சேர்த்துக் கொடுப்பது நல்லது. அட்டவணையில் 5க்குக் குறைந்த எண் உள்ள கட்டங்களை மறைத்துவிடுங்கள். வயதும் ஊரும் சேர்ந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். கடைசி இரண்டு வார எண்கள் இன்னும் ஏறும், முடிவுகள் வந்து சேரத் தாமதமாகும் என்பதால் அவற்றை வேறு நிறத்தில் காட்டுங்கள்.

விதியை மாற்றினால் பழைய தொடரையும் புதிய விதியில் திரும்பக் கணக்கிட்டு வெளியிடுங்கள். இங்கிலாந்து 2022 ஜனவரி 31 வரை ஒருவரின் முதல் தொற்றை மட்டுமே மொத்தக் கணக்கில் சேர்த்தது. அன்று மறுதொற்றுகளையும் சேர்த்ததும் மொத்த எண்ணிக்கை ஒரே நாளில் குதித்தது. பழைய தேதிகளையும் அவர்கள் திருத்தியதால்தான் அது புதிய அலையாகத் தோன்றவில்லை.

வீட்டிலேயே பரிசோதித்துக்கொள்ளும் காலத்தில் இதையெல்லாம் எப்படித் தொடர்வது?

முழு மக்கள்தொகைப் பதிவேட்டை நம்பி இனி விகிதம் போட முடியாது. 2022க்குப் பிறகு பல இடங்களில் பெரும்பாலான தொற்றுகள் எந்த ஆய்வகத்தையும் தொடவில்லை. பதிவில் உள்ளவர்கள் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்தவர்கள்தான்.

மீதமிருக்கும் வழி, குறிப்பிட்ட குழுவை எடுத்து ஒழுங்கான இடைவெளியில் பரிசோதிப்பது. சில ஆயிரம் பேர், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு மாதிரி, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்த மாதிரி, பாசிட்டிவ் அனைத்தையும் குளிர்பதனத்தில் பாதுகாப்பது, சிடி 30க்குக் கீழுள்ளவற்றை வரிசைப்படுத்துவது. மாதத்துக்கு 1 சதவீதம் மறுதொற்று எதிர்பார்க்கும் இடத்தில் 1,000 பேர் இருந்தால் 10 நிகழ்வுதான் கிடைக்கும், அதை வைத்து வயது வாரியாகப் பிரிக்க முடியாது. 5,000 பேராவது வேண்டும். நடுவில் விலகுகிறவர்களுக்கும் இடம் விட்டுச் சேருங்கள். ஆண்டுக்கு ஐந்தில் ஒருவர் நின்றுவிடுவார் என்று வைத்தால், 5,000 பேரை ஆண்டு முடிவில் தக்கவைக்கத் தொடக்கத்தில் 6,250 பேர் தேவை. மாதிரி தராமல் விட்ட வாரங்களை அவரவர் நபர்-நாட்களிலிருந்து கழிக்க மறக்காதீர்கள்.